மணல் பக்கம் இழுக்கும் பிரேக்

அந்த பிரேக் ஷூக்களில் ஒரு குறையும் இல்லை. டிரைவரின் லைசென்ஸ் போன பிறகு பலரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் நானும் அவரும் சேர்ந்து அவற்றைத் தேர்ந்தெடுத்தோம். அதைவிட நல்லது அன்று அந்தத் தெருவில் கிடைக்கவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் மூன்று வருஷம் நான் செங்கல்பட்டில் ஒரு பஸ் முதலாளியிடம் கிளார்க்காக இருந்தேன். அவருக்கு இரண்டு பஸ்கள். இரண்டும் போர் முடிந்ததும் ராணுவம் ஏலம் விட்ட லாரிகளின் மேல் பாடி கட்டியவை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய்த் திரும்பும். டிக்கெட் புத்தகங்களைச் சரிபார்ப்பதும், ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் காகிதங்களை எடுத்துப்போவதும் என் வேலை. மிச்ச நேரத்தில் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச் செய்தி அனுப்புவேன். அச்சில் வந்ததற்கு மட்டும் கூலி, நாலு வரிக்கு மேல் போடமாட்டார்கள். அதனால் எதையும் நாலு வரியில் எழுதும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

முதல் பஸ்ஸின் டிரைவர் செங்கல்பட்டுக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் பாய் என்று கூப்பிட்டோம். மூன்று பெண்கள், ஒருத்திக்கும் கல்யாணம் ஆகவில்லை. சண்டைக் காலத்தில் ராணுவ லாரி ஓட்டியவர். அவரிடம் வேறு தொழிலும் இல்லை, நிலமும் இல்லை. லைசென்ஸை எண்ணெய்த் துணியில் சுற்றிக் காக்கிச் சட்டையின் உள்பையில் வைத்திருப்பார்.

அந்த லைசென்ஸில் ஏற்கனவே ஒருமுறை சிவப்பு மையில் எழுதியாகிவிட்டது. முந்தின ஐப்பசி மழையில் திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு ஏரிக்கரையின் மேல் எருமைகள் குறுக்கே வந்தன. அவர் பிரேக்கை அழுத்தினார். பஸ் இடது பக்கம் இழுத்து, ஈரத்தில் பின்பக்கம் சுழன்று, ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி நின்றது. முன்சக்கரம் ஒன்று கரைக்கு வெளியே தொங்கியது. ஒரு பிரயாணிக்கு முன்பல் போனது, வேறு சேதமில்லை. ஆனால் பின்னாலேயே ஜீப்பில் போலீஸ் வந்துகொண்டிருந்தது. மாஜிஸ்திரேட் அபராதம் போட்டு, லைசென்ஸில் குறிப்பெழுதி, இன்னொருமுறை வந்தால் இது உன் கையில் இருக்காது என்று சொல்லி அனுப்பினார்.

பஸ் ஏன் இடது பக்கம் இழுத்தது என்பது எங்கள் தடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த ரோட்டில் தார் ஒரு வண்டி அகலம்தான். இரு பக்கமும் மணல். எதிரே சவுக்குக் கட்டை ஏற்றிய மாட்டுவண்டி வந்தால் அது தாரை விட்டு இறங்காது. இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். பஸ்தான் இடது பக்கம் இறங்கி வழிவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை இப்படி இறங்கி ஏறினால் இடது முன்சக்கரத்தின் டிரம்முக்குள் மணலும் உப்பு ஈரமும் புகுந்துவிடும். பிரேக் ஷூ என்பது பிறைவடிவ இரும்பு. அதன் மேல் அடித்திருக்கும் லைனிங்தான் டிரம்மோடு உரசிச் சக்கரத்தை நிறுத்துகிறது. இடது பக்க லைனிங் வலது பக்கத்தைப்போல இரண்டு பங்கு வேகத்தில் தேய்ந்தது. முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. யாரும் அப்படி மாற்றியதில்லை. தேய்ந்த இடது பக்கத்துக்கு மட்டும் புதிது போடுவார்கள். வலது பக்கத்தில் பழையதே கிடக்கும். பிரேக்கை மிதித்தால் புதிது முதலில் பிடிக்கும், வண்டி இடது பக்கம் போகும்.

சிக்கனத்தில் தொடங்கியது நாளடைவில் சட்டமாகிவிட்டது. 'மணல் பக்கம் இழுக்கணும்' என்பார்கள். பிரேக் என்று இருந்தால் ஏதாவது ஒரு பக்கம் இழுக்கத்தான் செய்யும். வலது பக்கம் இழுத்தால் எதிரே வருகிறவன் மேல் மோதும். இடது பக்கம் இழுத்தால் மணல். மணலில் மோதி யாரும் சாவதில்லை. இது செங்கல்பட்டு ஷெட்டுகளின் நியாயம். சமமாகப் பிடிக்கும் பிரேக்கைக்கூட மெக்கானிக்குகள் வலது பக்கம் கொஞ்சம் தளர்த்தியே வைத்தார்கள். டிரைவர்களும் அதற்குத் தகுந்தபடி ஓட்டப் பழகியிருந்தார்கள்.

சிவப்பு மை விழுந்த பிறகு பாய் முதலாளியிடம் போனார். நானும் அங்கே இருந்தேன்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா மாத்திக் குடுங்க மொதலாளி. இல்லன்னா நான் வண்டி எடுக்க மாட்டேன்."

"வண்டி நிக்குதா இல்லியா பாய்?"

"நிக்குது. எங்க நிக்கும்னுதான் சொல்ல முடியல."

"மத்த வண்டிக்காரன்லாம் ஓட்டலியா?"

"அவன் லைசென்ஸ்ல செகப்பு மை இல்ல. இன்னொரு வாட்டி எழுதிட்டாங்கன்னா நானு மூணு பொண்ண வெச்சிக்கினு இன்னா பண்ணுவேன்?"

பஸ்ஸுக்கு வருஷாந்திரப் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் முதலாளி சம்மதித்தார் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்து, "நீயும் கூடப் போ. பெட்டி மேல இங்கிலீஷ்ல இன்னா போட்டுக்கீதுன்னு படிச்சு வாங்கு. இந்த ஆளு மோந்து பாத்து வாங்கிக்கினு வந்துடுவாரு" என்றார்.

காலைப் பாசஞ்சரில் எழும்பூரில் இறங்கிப் புதுப்பேட்டைக்கு நடந்தோம். அளவு பார்ப்பதற்காகப் பழைய ஷூ ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் நுழைந்த கடையின் சொந்தக்காரர் பையைப் பிரிக்கும் முன்பே கேட்டார்: "ஒரு பக்கத்துக்கா, ரெண்டு பக்கத்துக்கா?"

"ரெண்டு பக்கம்."

"எந்த ரோட்டு வண்டி?"

"மகாபலிபுரம்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கடலோரத்து வண்டிங்க ஒரு பக்கந்தான வாங்குவீங்க. மொதலாளிக்குக் குறுக்கெழுத்துப் போட்டில பிரைஸ் உளுந்துச்சா?"

"செகப்பு மை உளுந்துச்சு. நீ சரக்க எடு" என்றார் பாய்.

கடைக்காரர் மூன்று வகை எடுத்து வைத்தார். முதலாவது, நெய்த லைனிங். பெல்ட் மாதிரிச் சுருளாக வரும். வேண்டிய நீளத்துக்கு வெட்டி, பழைய ஷூவிலேயே ரிவெட் அடித்துக்கொள்ளலாம். இழைகளுக்கு நடுவே பித்தளைக் கம்பி மின்னியது. இரண்டாவது, ராணுவ ஏலத்தில் வந்த உபயோகித்த ஷூக்கள். லைனிங் பாதிக்கு மேல் இருந்தது, விலை குறைவு. மூன்றாவது, சீமையிலிருந்து வந்த புது ஷூ. அச்சில் வார்த்த கறுப்பு லைனிங் ரிவெட் அடித்தே வந்திருந்தது. நான்கு ஷூ கொண்ட பெட்டி.

பாய் மூன்றையும் தரையில் வரிசையாக வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஏல ஷூவைத் தட்டிப் பார்த்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்ததைக் காட்டி ஒதுக்கிவிட்டார். எண்ணெய் குடித்த லைனிங்கை எவ்வளவு தேய்த்தாலும் அது பிடிக்காது என்றார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

"குடிக்கவா?" என்றார் கடைக்காரர்.

"லைனிங்குக்கு."

நெய்த துண்டின் மேலும் கறுப்பு லைனிங்கின் மேலும் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒரு பீடி முடியும் வரை காத்திருந்தார். பிறகு கடையில் கிடந்த உடைந்த டிரம் துண்டை எடுத்து இரண்டின் மேலும் மாற்றி மாற்றி அழுத்தி இழுத்தார். என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். நெய்தது ஊறி வழுக்கியது. கறுப்பு லைனிங் ஈரத்திலும் சுரண்டிப் பிடித்தது. அடுத்து அதை மோந்து பார்த்தார். நான் சிரித்தேன்.

"சிரி பேப்பர்காரரே. கோந்து வாசன வந்தா சூட்டுல உருகிடும். இதுல வரல."

நான் பெட்டியின் மேல் இருந்ததைப் படித்துச் சொன்னேன். ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் நான்கு ஷூக்களையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும், வேறு வகையோடு கலக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"அதத்தான நானு வாயால சொன்னேன். காயிதத்துல இருந்தாத்தான் மொதலாளி நம்புவாரு. அத அப்படியே எழுதிக்கினு வா" என்றார்.

எழுதிக்கொண்டேன். திரும்பும் ரயிலில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். தாம்பரம் தாண்டியதும் தூங்கிவிட்டார். இரண்டு கையும் பெட்டியின் மேல் கட்டியபடி இருந்தன.

மறுநாள் ஷெட்டில் மெக்கானிக் முன்சக்கரங்களைக் கழற்றினார். டிரம்முக்குள் இருந்த தூசியை வாயால் ஊதித் தள்ளினார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அது நுரையீரலுக்குக் கேடு என்பது எங்களுக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து. இடது பக்கத்திலிருந்து கழற்றிய ஷூக்களில் லைனிங் இன்னும் நன்றாக இருந்ததால், முதலாளி அவற்றை இரண்டாவது பஸ்ஸின் இடது பக்கத்தில் போடச் சொல்லிவிட்டார். வலது பக்கத்தில் இருந்தவை ரிவெட் தெரியத் தேய்ந்திருந்தன. அவை பழைய இரும்புக்குப் போயின.

புது ஷூக்களைப் பொருத்தி முடித்ததும் மெக்கானிக் ஸ்குரூ டிரைவரை டிரம்மின் துவாரத்துக்குள் விட்டார். உள்ளே பல்சக்கரம் ஒன்று உண்டு. ஒரு பல் திருப்பினால் பிரேக் கொஞ்சம் இறுகும், எதிர்ப்பக்கம் திருப்பினால் தளரும்.

"வலது பக்கம் ரெண்டு பல்லு லூசு வெக்கறேன் பாய்."

"வோணாம். சமமா வை."

"எதிர்ல லாரி வந்தா இன்னா பண்ணுவ?"

"நேரா நிறுத்துவேன்."

"நேரா நிறுத்தினா அவன் மேலதான் நிக்கும்."

"அவன் மேல நின்னாலும் நேரா நின்னேன்னு கோர்ட்டுல சொல்லுவேன். நீ சமமா வை நைனா."

மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டே சமமாக வைத்தார். சக்கரங்களைக் கையால் சுழற்றிவிட்டு, பாயை பெடலை மிதிக்கச் சொன்னார். இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன. ஒரு வாரத்துக்கு பிரேக்கை ஓங்கி அடிக்க வேண்டாம், லைனிங் டிரம்மோடு படியட்டும் என்றும் சொன்னார். புது லைனிங் போட்டால் எந்த மெக்கானிக்கும் சொல்வதுதான். பாய் அதை அப்படியே கேட்டார். கொளவாய் ஏரிப் பக்கம் காலி பஸ்ஸை ஓட்டி, மெதுவாக மிதித்து மிதித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நேராக நின்றது. இறங்கி வந்து, "இப்பத்தான் இது வண்டி மாதிரி கீது" என்றார்.

ஒரு வாரம் கழிந்தது. அதன்பிறகும் நாலு நாள் அவசரமாக மிதிக்க வேண்டிய தேவை வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை நான் அந்த பஸ்ஸில் மகாபலிபுரத்துக்குப் போனேன். டிரைவருக்குப் பக்கவாட்டில் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டீயரிங்கும் அவர் கைகளும் நன்றாகத் தெரிந்தன. பூஞ்சேரிக்கு அரை மைல் முன்னால் ரோடு நேராக இருக்கும். இடது பக்கம் சவுக்குத் தோப்பு. வலது ஓரத்தில் ரோடு போடுவதற்காக ஜல்லி குவித்திருந்தார்கள். கடைசிக் குவியலை ஒட்டி ஓலைத் தட்டி சாய்த்து, அதன் நிழலில் ஒரு பெண் கல் உடைத்துக்கொண்டிருந்தாள். விரல்களில் சைக்கிள் டியூப் வளையங்கள் மாட்டியிருந்தாள். எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

தோப்புக்குள்ளிருந்து ஒரு மாட்டுவண்டி திடீரென்று தாரில் ஏறியது. வண்டிக்காரன் மாடுகளுக்கு முன்னால் நடந்து வந்ததால் அவன் தலை முதலில் தெரிந்தது. பாய் பிரேக்கை ஓங்கி மிதித்தார். அதே நொடியில் அவருடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கை வலது பக்கம் கால் சுற்று திருப்பின. பஸ் வலது பக்கம் போய், ஓலைத் தட்டியைத் தாண்டி, ஜல்லிக் குவியலின் மேல் நின்றது. மாட்டுவண்டி நின்ற இடத்துக்கும் பஸ்ஸின் டயர்க் கோடு முடிந்த இடத்துக்கும் நடுவே நான் பிறகு அளந்தேன். ஒன்பது அடி இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே இருந்திருந்தாலும் பஸ் மாட்டுவண்டியை எட்டும் முன்பே நின்றிருக்கும்.

அந்தப் பெண்ணின் புருஷன் அதே ரோடு வேலைக் கூட்டத்தில் சற்றுத் தள்ளி மண் கொட்டிக்கொண்டிருந்தான். அவனும் வண்டிக்காரனும் பாயும் சேர்ந்து அவளைத் தூக்கி பஸ்ஸின் பின்சீட்டில் கிடத்தினார்கள். நாலு பேர் தவிர மற்றவர்களை இறக்கிவிட்டு, பஸ்ஸைத் திருப்பிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியை நோக்கிப் போனோம். பதினெட்டு மைல். திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புருஷன் முன்னால் எழுந்து வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம், "மொள்ள போங்க. இனிமே அவசரம் இல்ல" என்றான். சொல்லிவிட்டு மறுபடியும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

பாய் வேகத்தைக் குறைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், சாவியைக் கொடுத்தார். லைசென்ஸை எண்ணெய்த் துணியோடு எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பஸ்ஸின் பிரேக் கெட்டிருந்தது என்று அவர் எழுதினால் குற்றம் முதலாளியின் மேல் போகும். நன்றாக இருந்தது என்று எழுதினால் டிரைவர் மேல் போகும். பிரேக் நன்றாக இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவரே பஸ்ஸை எடுத்து ஓட்டினார். மூன்று முறை வேகமாகப் போய் ஓங்கி மிதித்தார். மூன்று முறையும் தாரில் இரண்டு கறுப்புக் கோடு நேராக விழுந்தது. ரொம்ப நல்ல பிரேக், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று என்னைக் கேட்டார். பிறகு பாயை ஓட்டச் சொல்லி, அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். பின்னால் நான் நின்றேன். தோளில் தட்டினால் மிதிக்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். தட்டினார். பஸ் வலது பக்கம் போய் நின்றது.

"ஏன்யா திருப்பின?"

"திருப்பலீங்களே சார்."

"கிளார்க்கு, நீ சொல்லு. திருப்பினாரா இல்லியா?"

"திருப்பினார்" என்றேன்.

இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை பாய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது முழங்கை நரம்புகளில் தெரிந்தது. தட்டியதும் கால் மிதித்தது, கைகள் ஒரு விரற்கடை வலது பக்கம் போயின. பஸ் நின்ற பிறகும் அவர் ஸ்டீயரிங்கை விடவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

இடது பக்கம் இழுக்கும் பஸ்ஸை அவர் ஆறு வருஷம் ஓட்டியிருந்தார். ஓங்கி மிதிக்கும்போதெல்லாம் அந்த இழுப்புக்கு எதிராக ஸ்டீயரிங்கை வலது பக்கம் கொடுத்துத்தான் பஸ்ஸை நேராக நிறுத்தினார். கால் மிதிப்பதும் கை திருப்புவதும் ஒரே காரியமாகிவிட்டிருந்தன. மழையில் சுழன்ற அன்று அந்தக் கைக்கும் அடங்காமல் இழுத்தது, அவ்வளவுதான். இழுப்பை நாங்கள் கழற்றி எடுத்துவிட்டோம். கையில் இருந்தது அப்படியே இருந்தது.

இன்ஸ்பெக்டரைத் தனியே கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். கெட்டவர் இல்லை.

"நீ சொல்றது நெஜமா இருக்கலாம். ஆனா நான் வண்டிய பாக்க வந்தவன். என் பாரத்துல கைக்கு எடம் கெடையாது" என்றார். "இன்னொண்ணு கேளு. ஆறு வருஷம் பிரேக் கோணலா இருந்த வண்டிய ஓட்டினாருன்னு நீயே சொல்ற. அத எழுதினா மொதலாளிக்கு ஒரு கேஸ். இவருக்கு ரெண்டு."

முதலாளி வைத்த வக்கீலும் அதையேதான் சொன்னார். பழைய பிரேக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. தெரிந்தே ஓட்டினான் என்றாகிவிடும். லைசென்ஸில் ஏற்கனவே இருக்கும் குறிப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். மாட்டுவண்டி குறுக்கே வந்தது, வேறு வழியில்லாமல் திருப்பினேன் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். ஒன்பது அடி இடம் மிச்சமிருந்ததை போலீசாரும் அளந்து வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவர் வழக்குக் கட்டை மடித்துக் கட்டினார்.

விசாரணையின்போது என்னை சர்க்கார் தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். கேட்டவை மூன்று கேள்விகள். டிரைவரின் கைகள் உமக்குத் தெரிந்தனவா? தெரிந்தன. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியது? வலது பக்கம். திருப்பியது மாட்டுவண்டியைப் பார்த்த பிறகா? பிரேக் மிதித்த அதே நேரத்தில். போதும், இறங்கலாம் என்றார்கள். எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை இல்லை என்றார்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி இறங்கினேன். சொல்ல வேண்டியது நாலு வாக்கியம். மனதில் எழுதியே வைத்திருந்தேன். யாரும் கேட்காததால் சொல்லவில்லை. கேட்காமல் சொல்லியிருந்தால் உதவியிருக்குமா, கெடுத்திருக்குமா என்பது எனக்கு இன்றும் தெரியாது. கூண்டிலிருந்து இறங்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மாஜிஸ்திரேட் பாயிடம், "ஏன் வலது பக்கம் திருப்பினீர்?" என்று நேரடியாகக் கேட்டார். வக்கீல் சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்லவில்லை.

"கை போயிடுச்சுங்க" என்றார்.

"குடித்திருந்தீரா?"

"இல்லீங்க. நான் குடிக்கிறதில்ல. கைதான் போயிடுச்சு."

அபராதமும், கோர்ட் கலையும் வரை சிறையும் என்று தீர்ப்பானது. அபராதத்தை முதலாளி கட்டினார். லைசென்ஸ் ரத்து. பாய் மாலை ஐந்து மணி வரை கோர்ட்டின் மூலையில் ஒரு பெஞ்சில், போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடுவே வேறு வழக்குகள் நடந்தன. செத்துப்போனவளின் புருஷன் தீர்ப்பு சொல்லும்வரை வாசலில் நின்றுவிட்டுப் போனான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் உடைத்த ஜல்லி அதற்குள் ரோட்டில் போடப்பட்டு, மேலே தாரும் ஊற்றியாகிவிட்டது.

செய்தியை நான்தான் அனுப்பினேன். பஸ் மோதி கூலிப்பெண் மரணம், டிரைவரின் லைசென்ஸ் ரத்து. பிரேக் நல்ல நிலையில் இருந்ததாக அதிகாரி சாட்சியம் அளித்தார் என்பது கடைசி வரி. ஒரு எழுத்தும் மாறாமல் வெளியானது.

அடுத்த வாரம் முதலாளி இரண்டாவது பஸ்ஸின் டிரைவரை இந்த பஸ்ஸுக்கு மாற்றினார். அவன் நாலு வருஷமாக இரண்டாவது பஸ்ஸை ஓட்டியவன். அதுவும் மணல் பக்கம் இழுக்கும் பஸ். நான் முதலாளியிடம் போய் பாயின் கை விஷயத்தைச் சொல்லி, இவனையும் முதலில் காலி பஸ்ஸில் ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றேன். முதலாளிக்கு உடனே புரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டரைவிட, வக்கீலைவிடச் சீக்கிரமாக. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "வலது பக்கத்த பழையபடி லூசா வெச்சுடு" என்றார்.

அது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. வேறு என்ன செய்யலாம் என்பதும் எனக்குத் தெரியவில்லை. இவன் கை மாறுவதற்கு எத்தனை மாதமாகும், அதுவரை ரோட்டோரத்தில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள்? நான் மெக்கானிக்கோடு ஷெட்டுக்குப் போனேன்.

பஸ்ஸில் விட்டிருந்த தன் டிபன் டப்பாவையும் போர்வையையும் எடுத்துப்போக அன்று பாயும் அங்கே வந்திருந்தார். வேட்டியில் அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மெக்கானிக் வலது சக்கரத்துக்கு ஜாக்கி கொடுப்பதைக் கண்டதும் அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மெக்கானிக் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு பல் தளர்த்தினார்.

"இன்னொண்ணு" என்றார் பாய்.

தளர்த்தினார். பாய் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். புது டிரைவரை மிதிக்கச் சொன்னார். காதை டிரம்முக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்.

"இன்னும் ஒரு பல்லு."

"போதும் பாய். ரெண்டுதான் வழக்கம்."

"புது லைனிங்கு, ரெண்டு பல்லுக்கெல்லாம் தெரியாது. அவன் வண்டி என் வண்டிய விட அதிகமா இழுக்கும். அவன் கையும் அந்தளவுக்குத் திரும்பும். இன்னும் ஒண்ணு வை."

மெக்கானிக் மூன்றாவது பல்லையும் தளர்த்தினார். சமமாக வை என்று அதே இடத்தில் சொன்னவர் அவர்தான்.

பாய் டப்பாவையும் போர்வையையும் பஸ்ஸில் வைத்துக்கொள்ள, ஏரிப் பக்கம் போனோம். புது டிரைவர் காலி பஸ்ஸை வேகமாக ஓட்டி வந்து ஓங்கி மிதித்தான். நாங்கள் மூன்று பேரும் ரோட்டோரம் நின்று பார்த்தோம். அவன் இறங்கி வந்து, "இன்னா பாய், நல்லாத்தான நின்னுச்சு. இதுக்கா இவ்ளோ பேஜாரு பண்றீங்க?" என்றான். தன் கை திரும்பியது அவனுக்குத் தெரியவில்லை.

பாய் ரோட்டில் விழுந்த டயர்க் கோடுகளின் மேல் நடந்துபோய்க் குனிந்து பார்த்தார். இரண்டும் நேராக இருந்தன.

"சரியா கீது" என்றார். டப்பாவையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக நடந்து வீட்டுக்குப் போனார். அந்த பஸ் மத்தியான டிரிப்புக்கு மகாபலிபுரம் போய், சாயங்காலம் சரியான நேரத்துக்குத் திரும்பி வந்தது.